கப்பலேறிப் போன கிறிஸ்மஸ்

நார்வே என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? நோபல் அமைதிப் பரிசு, நள்ளிரவுச் சூரியன், அப்புறம் இலங்கைப் பேச்சுவார்த்தைக் காலத்தில் தினமும் செய்தியில் அடிபட்ட எரிக் சொல்ஹெய்ம். அவ்வளவுதான். ஆனால் இந்தச் சின்ன நாட்டுக்கு இன்னொரு வரலாறும் உண்டு. 1814 வரை டென்மார்க்கின் கீழ், பிறகு 1905 வரை ஸ்வீடன் மன்னரின் கீழ் என்று இருந்த நாடு அது. மீன்பிடித்தும் மலைச்சரிவில் விவசாயம் செய்தும் பிழைத்த ஏழை நாடு. அந்த நாட்டிலிருந்து கிரீன்லாந்து, ஜூலுலாந்து, மடகாஸ்கர், நம்ம ஊர் சந்தால் பர்கானா என்று உலகத்தின் மூலை முடுக்கெல்லாம் மிஷனரிகள் குடும்பத்தோடு போனார்கள்.

மிஷனரி வரலாறு எழுதுபவர்கள் எத்தனை பேர் மதம் மாறினார்கள், எத்தனை பள்ளிகள் கட்டினார்கள் என்றுதான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். எனக்கு வேறொரு கேள்வி. இந்தக் குடும்பங்கள் போன இடத்தில் கிறிஸ்மஸை எப்படிக் கொண்டாடினார்கள்? அதற்கு யார் செலவு செய்தார்கள்? வணிகவியல் படிப்பவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவு செலவு கேட்கத்தான் தோன்றும், பொறுத்துக் கொள்ளுங்கள்!

இருட்டுக்கு நடுவே ஒரு திருவிழா

முதலில் நார்வே நாட்டுக் கிறிஸ்மஸைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்து கொள்வோம்.

டிசம்பர் கடைசியில் ஆஸ்லோவில் பகல் வெளிச்சம் சுமார் ஆறு மணி நேரம்தான். வடக்கே டிரம்சோ போன்ற ஊர்களில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் தலையே காட்டாது. வருடத்திலேயே மிக இருட்டான அந்த நாட்களில் வருகிற பண்டிகை என்பதால்தான் விளக்கு, மெழுகுவர்த்தி, அடுப்பு, கொழுத்த இறைச்சி என்று எல்லாமே சூட்டையும் வெளிச்சத்தையும் சுற்றியே இருக்கிறது.

அவர்களுக்கு முக்கியமான நேரம் 25ஆம் தேதி காலை அல்ல, 24ஆம் தேதி மாலை. ஐந்து மணிக்குத் தேவாலய மணிகள் அடித்தால் கிறிஸ்மஸ் பிறந்துவிட்டது என்று அர்த்தம். மேற்குப் பக்கத்தில் உப்பிட்டுக் காயவைத்த ஆட்டு விலா, கிழக்கே பன்றி விலா, சில வீடுகளில் காரநீரில் ஊறவைத்த காய்ந்த மீன். ஏழு வகை பிஸ்கட் சுட்டு வைப்பது கௌரவம். பறவைகளுக்கென்று ஓட்ஸ் கதிர்க்கட்டு ஒன்றைக் கம்பத்தில் கட்டி வைப்பார்கள். சாப்பிட்டு முடிந்ததும் எல்லோரும் கைகோத்து மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து பாடுவார்கள், நம்ம ஊர் கும்மி மாதிரி.

இன்னொரு விஷயம் நமக்குச் சிரிப்பாகக்கூட இருக்கும். அவர்களுடைய கிறிஸ்மஸ் விருந்தின் சிறப்பு உணவுகளில் ஒன்று பாலில் வேகவைத்த அரிசிக் கஞ்சி! நார்வேயில் நெல் விளையாது. அரிசி ஒரு காலத்தில் விலை உயர்ந்த இறக்குமதிச் சரக்கு. அதனால் தினமும் பார்லிக் கஞ்சியோ ஓட்ஸ் கஞ்சியோ குடித்தவர்கள், வருடத்துக்கு ஒருமுறை பண்டிகைக்கு அரிசி வாங்கினார்கள். அதில் ஒரே ஒரு பாதாம் பருப்பை ஒளித்து வைப்பார்கள். யார் கிண்ணத்தில் அது வருகிறதோ அவருக்குப் பரிசு.

சரி, இந்தப் பண்டிகை நார்வேக்கு எப்படி வந்தது? கிறிஸ்தவத்துக்கு முன்பே அங்கே 'யூல்' என்ற குளிர்காலத் திருவிழா இருந்தது. இங்கிலாந்து அரசர் ஆதல்ஸ்டனிடம் வளர்ந்து கிறிஸ்தவராகத் திரும்பி வந்த ஹாக்கோன் என்ற மன்னர், 10ஆம் நூற்றாண்டில் யூல் பண்டிகையைக் கிறிஸ்தவர்களின் கிறிஸ்மஸ் நாளிலேயே கொண்டாட வேண்டும் என்று சட்டம் போட்டதாக ஸ்னோரியின் மன்னர் வரலாறு சொல்கிறது. பண்டிகை புதிது, பெயர் பழையது. இன்றும் நார்வேயில் கிறிஸ்மஸுக்குப் பெயர் 'யூல்'தான். ஆக, பின்னாளில் உலகம் முழுக்கக் கிறிஸ்மஸைத் தூக்கிக் கொண்டு போனவர்களின் கிறிஸ்மஸும் ஒரு காலத்தில் வெளியூரிலிருந்து வந்து இறங்கியதுதான்!

கிரீன்லாந்து: ஒரு தாயின் பதினான்கு டிசம்பர்கள்

ஹான்ஸ் எகேடே 1686ல் வட நார்வேயின் ஹார்ஸ்டாட் பகுதியில் பிறந்தவர். லொஃபோட்டன் தீவுகளில் போதகராக இருந்தார். முன்னொரு காலத்தில் கிரீன்லாந்துக்குக் குடியேறி, பிறகு தொடர்பே அற்றுப்போன நார்டிக் மக்களைத் தேடிப் போக வேண்டும் என்பது அவருடைய கனவு. அவரைவிடப் பதின்மூன்று வயது மூத்தவரான மனைவி ஜெர்ட்ரூட் ராஸ்க் முதலில் கடுமையாக எதிர்த்தார். பிறகு மனம் மாறினார்.

1721 மே மாதம் பெர்கன் துறைமுகத்திலிருந்து 'நம்பிக்கை' என்ற பொருள் கொண்ட பெயருடைய கப்பலில் புறப்பட்டார்கள். கணவன், மனைவி, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள். கூடவே குடியேற வந்த நாற்பது பேர் போல. ஜூலையில் போய்ச் சேர்ந்தார்கள். தேடிப் போன நார்டிக் மக்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. இருந்தவர்கள் இனுயிட் மக்கள். ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை.

இந்தக் கதைக்கும் நமக்கும் நேரடித் தொடர்பு ஒன்று உண்டு. 1706ல் சீகன்பால்குவைத் தரங்கம்பாடிக்கு அனுப்பிய அதே டென்மார்க்-நார்வே மன்னர் நான்காம் ஃபிரடெரிக்தான் எகேடேயையும் ஆதரித்தார். 1714ல் கோபன்ஹேகனில் தொடங்கப்பட்ட மிஷன் கல்லூரி என்ற அரசு அமைப்பின் கீழ்தான் தரங்கம்பாடி மிஷனும் வந்தது, கிரீன்லாந்து மிஷனும் வந்தது. ஒரே அலுவலகம், ஒரு பக்கம் காவிரிக் கரை வெயில், இன்னொரு பக்கம் உறைந்த கடல்.

முதல் குளிர்காலம் படுமோசம். ஸ்கர்வி நோய் வந்தது. 1722ல் உணவுக் கப்பல் தாமதமானபோது கூட வந்தவர்கள் எல்லாம் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். எகேடேயே தளர்ந்து போனாராம். ஜெர்ட்ரூட் மட்டும் பெட்டி கட்ட மறுத்துவிட்டார். கப்பல் வந்து சேர்ந்தது. தங்கிவிட்டார்கள்.

தகப்பனாருக்கு மொழி வசப்படவில்லை. பிள்ளைகள் பவுலும் நீல்ஸும் இனுயிட் பிள்ளைகளோடு விளையாடியே மொழியைப் பிடித்துக் கொண்டார்கள். வேதக் கதைகளை விளக்க வார்த்தை கிடைக்காதபோது பவுல் படம் வரைந்து காட்டுவானாம். அப்பம் என்பதையே பார்க்காத மக்களுக்கு 'அன்றன்றுள்ள அப்பம்' என்று எப்படிச் சொல்வது? அதற்குப் பதில் 'சீல்' இறைச்சி என்று மாற்றிச் சொன்னார்கள் என்று ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

ஆனால் இந்தக் குடும்பத்தின் டிசம்பர்களைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 1728ல் பவுல் படிப்பதற்காகக் கோபன்ஹேகன் அனுப்பப்பட்டான். 1734ல்தான் மிஷனரியாகத் திரும்பினான். அதாவது ஆறு கிறிஸ்மஸ் அந்தத் தாய் மூத்த மகன் இல்லாமல் கழித்திருக்கிறாள். நடுவே 1731ல் புதிய மன்னர், குடியேறியவர்கள் எல்லாம் திரும்பி வரலாம் என்று உத்தரவு போட்டார். பெரும்பாலானோர் போய்விட்டார்கள், இவர்கள் போகவில்லை. 1733ல் டென்மார்க்கிலிருந்து ஊர் திரும்பிய ஒரு கிரீன்லாந்துச் சிறுவன் மூலம் பெரியம்மை வந்தது. அம்மை என்றால் என்னவென்றே தெரியாத மக்கள் கொத்துக் கொத்தாக மடிந்தார்கள். ஜெர்ட்ரூட் நோயாளிகளைத் தன் வீட்டுக்குள்ளேயே கொண்டு வந்து படுக்கவைத்துப் பார்த்துக் கொண்டார். அதில் அவருடைய உடம்பும் போனது.

1735 டிசம்பர் 21. கிறிஸ்மஸுக்கு மூன்று நாட்கள் இருக்கும்போது ஜெர்ட்ரூட் இறந்தார்.

அந்த வருடம் அந்த வீட்டில் கிறிஸ்மஸ் எப்படி இருந்திருக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அடுத்த கோடையில் எகேடே, வீணாக உழைத்தேன் என்ற பொருள்படும் ஏசாயா வசனத்தை எடுத்துப் பிரிவுரை செய்துவிட்டு, மனைவியின் உடலையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு கிளம்பினார்.

வீணாகத்தான் போனதா? பவுல் 1766ல் புதிய ஏற்பாட்டைக் கிரீன்லாந்து மொழியில் கொண்டு வந்தார். இன்று கிரீன்லாந்து மக்கள் கிறிஸ்மஸை 'யூல்லி' என்கிறார்கள், அதே பழைய 'யூல்'தான். அதே சமயம் 2020ல் நூக் நகரில் உள்ள எகேடே சிலை மீது சிவப்புப் பெயின்ட் ஊற்றி, காலனியத்தின் அடையாளம் வேண்டாம் என்று எழுதினார்கள். சிலை இருக்கலாமா கூடாதா என்று வாக்கெடுப்பே நடந்தது. இருக்கட்டும் என்றவர்களே அதிகம். இரண்டு பக்கத்துக்கும் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. நோயாளியைத் தன் வீட்டில் படுக்கவைத்த அந்தப் பெண் வந்த கப்பல் வழியில்தான் அந்த நோயும் வந்தது.

நடுக்கோடையில் ஒரு கிறிஸ்மஸ்

அடுத்த அலை 19ஆம் நூற்றாண்டில். 1842ல் ஸ்டவாங்கர் நகரில் நார்வே மிஷனரி சங்கம் தொடங்கப்பட்டது. இந்தத் தடவை இதை நடத்தியவர்கள் அரசாங்கம் அல்ல, விவசாயிகளும் சிறு வியாபாரிகளும் மீனவர்களும்.

அவர்களுடைய முதல் மிஷனரி ஸ்க்ரோய்டர் 1844ல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்குப் போனார். 1850ல் உம்புமுலோ என்ற இடத்தில் மிஷன் நிலையம் அமைந்தது. ஜூலு மன்னர் ம்பாண்டே நோய்வாய்ப்பட்டபோது ஸ்க்ரோய்டர் கொடுத்த மருந்து பலித்தது. அதனால்தான் ஜூலுலாந்துக்குள்ளேயே இடம் கிடைத்தது. ஆனால் முதல் ஜூலு ஞானஸ்நானம் நடந்தது 1858ல். பதினான்கு வருடம்! அதுவரை அங்கே கிறிஸ்மஸ் என்றால் அது நார்வேக்காரர்கள் தங்களுக்குள் கொண்டாடிக் கொண்ட பண்டிகைதான்.

அதுவும் எப்படிப்பட்ட பண்டிகை? பூமத்திய ரேகைக்குத் தெற்கே டிசம்பர் என்றால் நடுக்கோடை. வருடத்தின் மிக நீண்ட பகல். இருட்டை விரட்டுவதற்கென்றே உண்டான விழாவை, இருட்டே இல்லாத நாளில் கொண்டாட வேண்டும். மாலை ஐந்து மணிக்கு மணி அடிக்கலாம், ஆனால் வெளியே வெயில் காய்ந்து கொண்டிருக்கும்.

மடகாஸ்கருக்கு நார்வே மிஷனரிகள் 1866ல் போனார்கள். அங்கே நிலைமை வேறு. 1869ல் அரசி இரண்டாம் ரனவலோனாவே ஞானஸ்நானம் பெற்றுவிட்டதால் மக்கள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்கள் மையமாகக் கொண்ட அன்ட்சிராபே, கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 1500 மீட்டர் உயரத்தில் வெந்நீர் ஊற்றுகள் உள்ள மலை ஊர். ரோசோஸ் என்ற நார்வே மிஷனரி 1872ல் உருவாக்கிய ஊர் அது. டிசம்பர் அங்கே மழைக்காலம். ஸ்ப்ரூஸ் மரம் கிடையாது, பனி கிடையாது. ஆனால் ஒன்று தாராளமாக உண்டு. அரிசி! மூன்று வேளையும் சோறு சாப்பிடும் மக்கள் அவர்கள். நார்வேயில் வருடத்துக்கு ஒருமுறை கிடைத்த பண்டிகைச் சரக்கு, இங்கே அன்றாடச் சாப்பாடு. அங்கே அரிது இங்கே சாதாரணம், இங்கே அரிது அங்கே சாதாரணம். ஊர் மாறினால் பண்டிகைச் சாப்பாட்டின் அர்த்தமே மாறிவிடுகிறது.

மடகாஸ்கர் மொழியில் கிறிஸ்மஸுக்கு 'க்ரிஸ்மசி' என்று பெயர். இது ஆங்கிலத்திலிருந்து வந்த சொல். காரணம் எளிது. லண்டன் மிஷனரிகள் 1818லேயே அங்கே போய்விட்டார்கள். முதலில் வந்தவன் பெயர் வைத்துவிட்டுப் போகிறான்!

நம் நாட்டிலும் ஒரு நார்வேக்காரர் உண்டு. திருட்டுக் குற்றத்துக்காக இளம் வயதில் சிறை சென்று மனம் மாறிய லார்ஸ் ஸ்க்ரெஃப்ஸ்ருட், இன்றைய ஜார்க்கண்டில் உள்ள பெனகாரியாவில் 1867ல் டேனிஷ்காரரான போரெசன், அவர் மனைவி கரோலின் ஆகியோரோடு சந்தால் மிஷனைத் தொடங்கினார். 1910ல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். சந்தால் பர்கானாவில் நெல் அறுத்து முடிந்ததும் வருவது சோஹ்ராய், மாடுகளையும் கொண்டாடும் அறுவடைத் திருநாள். நம்ம பொங்கல் சமயத்தை ஒட்டி வரும். ஆக, பெனகாரியாவில் கிறிஸ்மஸ் வருவது களத்தில் நெல் இருக்கும் காலம். ஜூலுலாந்தின் நடுக்கோடையைவிட நார்வேயின் பழைய யூலுக்கு இது எவ்வளவோ பக்கம்.

பின்னல் ஊசியும் பேரேடும்

இப்போது என் துறைக்கு வருகிறேன். இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வந்தது?

குஸ்தாவா கியெல்லான்ட் என்று ஒரு போதகரின் மனைவி. 1800ல் பிறந்தவர். 1840களில் தெற்கு நார்வேயின் லிங்டால் கிராமத்தில் பெண்களைத் திரட்டி ஒரு மிஷன் சங்கம் ஆரம்பித்தார். பெண்கள் கூடி உட்கார்ந்து நூல் நூற்பார்கள், காலுறை பின்னுவார்கள், தைப்பார்கள். ஒருவர் மட்டும் வெளிநாட்டிலிருந்து வந்த மிஷனரிக் கடிதங்களை உரக்க வாசிப்பார். பின்னியதை விற்று வரும் காசு மிஷனுக்கு. இந்த மாதிரிச் சங்கங்கள் நாடு முழுவதும் ஊருக்கு ஊர் முளைத்தன. இன்றைய மகளிர் சுயஉதவிக் குழுவை நினைத்துக் கொள்ளுங்கள். முன்பின் பார்த்திராத ஜூலுலாந்துக்கும் மடகாஸ்கருக்கும் இந்தக் காலுறைக் காசு போனது. 1864ல் சங்கம் 'எலியேசர்' என்று சொந்தமாகக் கப்பலே கட்டிவிட்டது.

காசு கொடுப்பவர் கேள்வி கேட்பார் அல்லவா? 1904ல் நார்வே மிஷனரி சங்கம் தன் பெண்களுக்கு வாக்குரிமை கொடுத்தது. நார்வே நாடு எல்லாப் பெண்களுக்கும் பொதுத்தேர்தலில் வாக்குரிமை கொடுத்தது 1913ல்தான்! நாட்டுக்கு ஒன்பது வருடம் முன்னால் ஒரு மத அமைப்பு இதைச் செய்தது என்றால், அதன் வரவுப் பக்கத்தில் பெண்களின் உழைப்பு எவ்வளவு இருந்தது என்று புரிந்து கொள்ளலாம்.

இதே குஸ்தாவா கியெல்லான்ட்தான் இன்றும் நார்வேக் குழந்தைகள் மரத்தைச் சுற்றிக் கைதட்டிச் சுழன்று பாடும் 'ஓ யூல் மெட் டின் க்ளேதெ' என்ற பாட்டை எழுதியவர். வெளிநாட்டு மிஷனுக்குக் காசு சேர்க்கப் பெண்களைக் கூட்டியவரும் வீட்டுக் குழந்தைகளுக்குக் கிறிஸ்மஸ் பாட்டுக் கொடுத்தவரும் ஒரே ஆள். இதைப் படித்தபோதுதான் இந்தக் கட்டுரையை எழுத வேண்டும் என்றே தோன்றியது.

பேரேட்டில் வராத செலவு

எல்லாச் செலவும் கணக்கில் ஏறுவதில்லை.

மடகாஸ்கருக்குப் போன குடும்பங்களின் பிள்ளைகள் பள்ளிக்கூட வயது வந்ததும் நார்வேக்கு அனுப்பப்பட்டார்கள். ஸ்டவாங்கரில் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்றே 'சோல்பக்கன்' என்ற விடுதி இருந்தது. பெற்றோர் பணி முடித்து விடுமுறையில் வரப் பல வருடங்கள் ஆகும். கடிதம் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். பிரியும்போது சின்னவனாக இருந்தவன், மறுபடி பார்க்கும்போது குரல் உடைந்த பையனாக நிற்பான். அம்மாவின் முகமே மறந்து போன பிள்ளைகளும் உண்டு.

யோசித்துப் பாருங்கள். மடகாஸ்கரில் அம்மாவும் அப்பாவும் மழையில், சூடான டிசம்பரில், ஊர்ப் பிள்ளைகளைக் கூட்டி வைத்துக் கிறிஸ்மஸ் நடத்துகிறார்கள். அவர்கள் பெற்ற பிள்ளைகள் பனி பெய்கிற ஸ்டவாங்கரில், உண்மையான மரம், உண்மையான பனி, ஐந்து மணி தேவாலய மணி எல்லாம் இருக்கிற இடத்தில், விடுதிப் பிள்ளைகளாக நிற்கிறார்கள். ஒரு பக்கம் குடும்பம் இருக்கிறது, நார்வே இல்லை. இன்னொரு பக்கம் நார்வே இருக்கிறது, குடும்பம் இல்லை.

பெற்றோரைக் கொடுமைக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். வெப்ப மண்டலக் காய்ச்சலில் பிள்ளைகள் சாவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். பள்ளிக்கூடமும் முக்கியம் என்று நினைத்தார்கள். கடவுள் பணி என்று நம்பினார்கள். ஆனால் தியாகம் செய்வது பெரியவர்கள் எடுத்த முடிவு. அந்தப் பிள்ளைகளை யாரும் கேட்கவில்லை. பிற்காலத்தில் வளர்ந்து பெரியவர்களான மிஷனரிப் பிள்ளைகள் பலர் இதை வெளிப்படையாகவே பேசினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் நேரம் இருந்தது, எங்களுக்கு மட்டும் இல்லையா என்ற கேள்விக்கு என்ன பதில் சொல்ல முடியும்?

முடிவாக...

மடகாஸ்கரில் இன்று லட்சக்கணக்கான லூத்தரன் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். 1950ல் அவர்களுடைய திருச்சபை தனித் திருச்சபையாக அமைந்தது. அவர்களுடைய க்ரிஸ்மசியில் பனியும் இல்லை, ஸ்ப்ரூஸ் மரமும் இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. நார்வேக்காரர்கள் ஆயிரம் வருடம் முன்னால் வெளியூர்ப் பண்டிகையை யூல் ஆக்கிக் கொண்ட மாதிரி, இவர்களும் அதைத் தங்களுடையதாக ஆக்கிக் கொண்டார்கள்.

ஒரு பண்டிகை நாடு விட்டு நாடு போவதை மதம் பரவியது என்று ஒரே வரியில் பாடப்புத்தகம் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் லிங்டால் பெண்கள் பின்னிய காலுறைகள் இருக்கின்றன, டிசம்பர் 21ஆம் தேதி இறந்து போன ஜெர்ட்ரூட் இருக்கிறார், சொந்த அம்மாவைக் கடிதத்தில் மட்டுமே பார்த்த பிள்ளைகள் இருக்கிறார்கள். மிஷனரிகளைப் புகழ்பவர்களும் திட்டுபவர்களும் போதகர்களின் பெயரைத்தான் சொல்கிறார்கள். செலவில் பெரும்பகுதியைக் கட்டியது அவர்களுடைய பெண்களும் பிள்ளைகளும்தான்.

இன்று வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் அப்பா இருக்க, ஊரில் பிள்ளைகள் மட்டும் பண்டிகை கொண்டாடும் வீடுகள் நம் தெருவிலேயே எத்தனை இருக்கின்றன! கடிதத்துக்குப் பதில் வீடியோ கால் வந்துவிட்டது, அவ்வளவுதான் வித்தியாசம். இந்தக் கட்டுரையைப் படிப்பவர்களில் அப்படி வளர்ந்தவர்கள் யாராவது இருந்தால், உங்கள் வீட்டுப் பண்டிகையைப் பற்றி எழுதுங்கள். படிக்க ஆவலாக இருக்கிறேன்.